முன்னறிவிப்பு வந்து சேர்ந்தது

ஹாரிவெல் தோட்டத்தை அங்கே இருந்தவர்கள் அரிவாள் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் சாலை முடிகிற இடம். ரப்பர் மரங்களைச் சாய்த்துப் பல வருஷமாகிவிட்டது. மரம் போன பிறகு நிர்வாகம் போனது, துரை பங்களாவின் கூரை போனது, பள்ளிக்கூடம் போனது. ஒரு வரிசை லயத்து வீடுகளும் அவற்றில் குடியிருந்தவர்களும் மட்டும் மிஞ்சினார்கள். குழாயில் தண்ணீர் அதற்குத் தோன்றும்போது வரும். தெருவிளக்கு என்பது கம்பத்தோடு சரி. நாட்டிலேயே ஆக நவீனமான இணையம் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது கிந்தா ஒளிவலை ஆய்வுக் கழகம். ஈப்போவில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கட்டடம். கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளியைச் சந்திக்குச் சந்தி எப்படித் திருப்பிவிடுவது என்பதுதான் அங்கே வேலை. அதைப் பற்றிக் கழகம் மாநாடு நடத்தியிருக்கிறது, மலர் வெளியிட்டிருக்கிறது, சின்னம் பொறித்த குடை கொடுத்திருக்கிறது. ஒளி இருந்தது, இழை இருந்தது, திருப்பிவிட ஆட்களும் இருந்தார்கள். அதன் வழியாகப் பேசுவதற்குத்தான் யாரும் இல்லை. நிஜமான மனிதர்கள் கொஞ்சம் பேர் தேவைப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தை லம்பு ஆபீஸ், அதாவது விளக்கு ஆபீஸ், என்று சொல்லிக்கொண்டிருந்த அரிவாள் தோட்டத்து மக்கள் அப்படித்தான் கழகத்தின் கண்ணில் பட்டார்கள்.

சேதியைக் கொண்டுவந்தவன் தர்மா. கழகத்தில் சமூக ஒருங்கிணைப்பாளன், காண்ட்ராக்ட் வேலை. புனிதாவின் தம்பி. புனிதா ஜெலாப்பாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கூட்டத்தில் எழுந்து நடுங்காமல் பேசக்கூடியவள் என்பதால் தோட்டத்துக்கு அவள்தான் தலைவி மாதிரி.

அந்தச் சமயத்தில் தோட்டத்துக்குத் தலைக்குமேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. நிலத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கிவிட்டது. லயத்தை இடிப்பதற்கு முன்னால் குடியிருப்பவர்களின் ஆட்சேபத்தைக் கேட்க விசாரணைக் குழு ஒன்று உட்காரப்போகிறது. ஈப்போவுக்கு நேரில் வந்தும் பேசலாம், வீடியோவிலும் பேசலாம், எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பஸ் பிடித்து எல்லாருமாகப் போய் நிற்பது என்று முடிவாகியிருந்தது.

"பஸ்ஸெல்லாம் எதுக்குக்கா?" என்றான் தர்மா. "இங்கயே பாலாய் ராயா ஹால்ல உக்காந்து பேசு. நம்ம ஆளுங்க அத்தன பேரும் உன் பின்னாடி நிப்பாங்க. லம்பு ஆபீஸ் லைன்லா, சும்மாவா?"

"நேர்ல போய் நின்னாத்தான்டா மரியாத."

"அதெல்லாம் அந்தக் காலம். நான் இருக்கேன்ல?"

தர்மா ஆறாம் ஆண்டு படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு 'நான் இருக்கேன்ல' என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தவள் புனிதா. அதே வார்த்தையை அவன் திருப்பிச் சொன்னபோது அவள் பஸ் பேச்சை விட்டுவிட்டாள். வீடியோ என்றே விசாரணைக் குழுவுக்குச் சொல்லிவிட்டாள்.

திறப்பு விழாவுக்குக் கழகத்தின் இயக்குநர் டாக்டர் ஸ்கந்தராஜா வந்திருந்தார். யாழ்ப்பாணத்து வம்சம். வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனிதர். பாலாய் ராயாவில் ரிப்பன் வெட்டிவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"ஒளியைக் கொண்டுபோக மூண்டு வழி இருக்குது. முதலாவது, ஒருத்தருக்காக முழு ரோட்டையும் பூட்டி வைக்கிறது. அவர் பேசினாலும் ரோடு அவருக்குத்தான், கொட்டாவி விட்டாலும் அவருக்குத்தான். வீண். இரண்டாவது, பேச்சைத் துண்டு துண்டாப் பொட்டலம் கட்டி, ஒவ்வொரு பொட்டலமும் ஒவ்வொரு சந்தியிலயும் நிண்டு வழி கேட்டுப் போறது. ஆனால் ஒளி நிக்காது. அதை நிப்பாட்டி வைக்க இந்த உலகத்தில ஒரு கொட்டில் இல்லை. மூண்டாவதுதான் எங்கட முறை. பொட்டலங்களைச் சேர்த்துக் கொத்தாக் கட்டுறம். 'கொத்து வருகுது, வழி விடுங்கோ' எண்டு முன்னுக்கு ஒரு அறிவிப்பை அனுப்புறம். பதிலுக்குக் காத்திருக்கிறதில்லை. பின்னாலேயே கொத்தை அனுப்பி விடுறம்!"

தர்மா கை தட்டினான். எல்லாரும் தட்டினார்கள். மூலை வீட்டுப் பாப்பாக்கா மட்டும் கையைத் தூக்கினாள். காலையில் நாசி லெமாக் சோறு விற்கிறவள். சில்லறை விஷயத்திலும் பேச்சு விஷயத்திலும் பாக்கி வைக்க மாட்டாள்.

"ஐயா, முன்னால போனவன் வழி இல்லேன்னு கண்டுகிட்டா, பின்னால வர்ற கொத்து என்னா ஆவும்?"

"மிகவும் நல்ல கேள்வி," என்றார் இயக்குநர். அதற்கும் தர்மா கை தட்டினான். தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது.

கறிபாப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற கிருஷாந்தியிடம் பாப்பாக்கா அதே கேள்வியைக் கேட்டாள். கிருஷாந்தி கழகத்தில் இளநிலைப் பொறியாளர். பொய் சொல்லப் பழகும் அளவுக்கு இன்னும் சர்வீஸ் ஆகவில்லை.

"விட்டிடுவம், அக்கா."

"எங்க விடுவீங்க?"

"எங்கயும் இல்லை. சந்தியில வேற கொத்து போய்க்கொண்டிருந்தா, வந்தது இல்லாமப் போயிடும்."

"அனுப்புனவனுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

"அவருக்கு அனுப்பியாச்சு எண்டுதான் காட்டும்."

பாப்பாக்கா கறிபாப்பைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள்.

லைன் வந்த பிறகு தோட்டத்தில் விசித்திரங்கள் நடந்தன. பாப்பாக்காவுக்கு முட்டி வலி. ஆயர் தாவாரில் நடந்த தங்கை மகன் கல்யாணத்தை அவள் போனில்தான் பார்த்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். அடுத்த கொத்தில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். "கட்டுனானா இல்லியான்னு என் கண்ணால பாக்கல. நான் எப்படி அந்தப் பொண்ண மருமகளேன்னு கூப்புடுறது?" என்று அவள் வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தாள். லோரி ஓட்டும் அர்ச்சுனன், தான் காய்ச்சலில் படுத்திருப்பதாக முதலாளியிடம் போனில் விவரமாகச் சொன்னான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது 'சரி பொஸ்' மட்டும். மறுநாள் லோரி எங்கே என்று முதலாளி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

கழகத்து அதிகாரிகள் கருவிப் பெட்டிகளோடு வந்து அளந்தார்கள். அளந்துவிட்டு மகிழ்ந்தார்கள்.

"உங்கள் தோட்டத்து இழப்பு மிகச் சீராக இருக்கிறது," என்றார் ஒருவர். "வெளிநாட்டில்கூட இவ்வளவு அழகான இழப்பைப் பார்க்க முடியாது." வீட்டுக்கு வீடு பிஸ்கட் டின் கொடுத்தார்கள்.

புனிதா புகார் செய்தாள். தனிப் புகாரைக் கழகம் ஏற்பதில்லை, கொத்துச் சேரட்டும் என்றார்கள். எல்லா வீட்டுப் புகாரையும் சேர்த்துச் சொன்னாள். முதலில் முன்னறிவிப்பு போயிற்று: அரிவாள் தோட்டத்திலிருந்து புகார் வருகிறது. பிறகு புகார் போயிற்று. அது போன நேரம் உரிய அதிகாரி கூட்டத்தில் இருந்தார். இன்னொரு முறை அனுப்பலாமா என்று புனிதா போனில் கேட்டாள்.

"விட்டுப்போனதைத் திரும்ப அனுப்புவது எங்கள் அடுக்கின் வேலை அல்ல. அது மேலடுக்கின் பொறுப்பு."

"மேலடுக்குல யாரு இருக்கா?"

"ஆக உச்சியில் இருப்பது பயனாளர்தான், மேடம். நீங்கள்."

அரிவாள் தோட்டத்துக்காரர்களை உச்சியில் இருப்பவர்கள் என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

விசாரணை நெருங்க நெருங்கப் புனிதாவுக்குப் பயம் வந்தது. தம்பியிடம் சொன்னாள். அவன் இயக்குநரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். ஸ்கந்தராஜா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"பிள்ளை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம். அண்டைக்கு மட்டும் பழைய முறைதான். நீங்கள் பேசி முடிக்கும் வரைக்கும் முழு ரோடும் உங்களுக்கெண்டு பூட்டிக் கிடக்கும். தர்மாவையே அந்த வேலைக்குப் போட்டிருக்கிறன். நாங்களும் தமிழர்தானே?"

"நான் பாத்துக்குறேன்க்கா," என்றான் தர்மா.

பாப்பாக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னும் நாள் இருக்கு. மாத்திச் சொல்லிட்டு பஸ்ஸப் புடி, புனிதா."

"என் தம்பி சொல்லிட்டான்க்கா. அதுக்கு மேல என்னா?"

விசாரணையன்று தோட்டமே உடுத்திக்கொண்டு பாலாய் ராயாவுக்கு வந்துவிட்டது. திரையில் விசாரணைக் குழுவின் தலைவர் தெரிந்தார். புனிதா மலாயில் பேசினாள். இரவெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு. இந்த மண்ணில் பால் மரம் வெட்டி ரப்பர் எடுத்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், தோட்டத்தை மூடும்போது இங்கேயே வீடு தருவதாகச் சொன்னார்கள், அதை நம்பித்தான் வேறெங்கும் போகாமல் இருந்தோம், வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதில் எங்களுக்கும் ஒரு மூலை வேண்டும் என்றாள். நடுவில் தலைவர் முன்னால் சாய்ந்து ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஊக்கப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு அவள் இன்னும் உரக்கப் பேசினாள். முடித்து வணங்கியபோது பாலாய் ராயா அதிர்ந்தது. பாப்பாக்கா அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அன்று மத்தியானம் யாரோ கோழி வாங்கிவந்து எல்லாருக்கும் சமைத்தார்கள்.

பிறகு முடிவு வந்தது. குடியிருப்பாளர் பிரதிநிதி வருகை தந்தார், ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை, லயத்தை இடிக்கத் தடையில்லை.

புனிதா வேலைக்கு லீவ் போட்டுவிட்டுப் பாப்பாக்காவோடு விசாரணைக் குழுவின் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த குமாஸ்தா இரக்கமுள்ளவர். பதிவைப் போட்டுக் காட்டினார். திரையில் புனிதாவின் முகம் இருந்தது. வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி, அசையாமல். கீழே அவள் பெயரும் 'வந்துவிட்டார்' என்ற பச்சை அடையாளமும். தலைவர் காத்திருந்தார். "புவான் புனிதா, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார். மறுபடி கேட்டார். தண்ணீர் குடித்தார். மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டு, வந்ததற்கு நன்றி சொல்லி அடுத்த வழக்கை எடுத்தார்.

"நீங்கள் வராமலே இருந்திருந்தால் ஒத்திவைத்திருப்பார்கள்," என்றார் குமாஸ்தா. "வந்துவிட்டுச் சும்மா இருந்தால் சம்மதம் என்றுதான் விதி."

அங்கிருந்து பாப்பாக்காவையும் கூட்டிக்கொண்டு நேரே லம்பு ஆபீஸுக்குப் போனாள். இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். முகத்தில் உண்மையான பெருமிதம் இருந்தது.

"பிள்ளை, உங்கட முன்னறிவிப்பு துல்லியமாப் போய்ச் சேர்ந்தது! நீங்கள் வந்திருக்கிறீங்கள் எண்டு அவைக்குத் தெரிஞ்சதுதானே? இந்தக் கழகம் தொடங்கின நாளிலயிருந்து ஒரு முன்னறிவிப்புக்கூடத் தவறினதில்லை."

"நான் பேசுனது?"

"அது கொத்து." அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "கொத்துக்கு நாங்கள் உத்தரவாதம் குடுக்கிறதில்லை. முயற்சிக்குத்தான் உத்தரவாதம். முயற்சி நடந்தது."

"ரோட்டப் பூட்டி வைக்கிறேன்னு என் வீட்டுல உக்காந்து சொன்னீங்களேய்யா?"

"நோக்கத்தைச் சொன்னனான், பிள்ளை. எங்கட நோக்கத்தில இண்டைக்கும் மாற்றமில்லை." அவருக்குக் கூட்டம் இருந்தது. போய்விட்டார்.

வெளியே நடைவழியில் கிருஷாந்தி பின்னாலேயே வந்தாள். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, அண்டைக்குக் காலமை நீங்கள் பேசின நேரம் வீடமைப்பு நிறுவனத்தின்ர காட்சிக்கூடத்தில எங்கட செய்முறை விளக்கம் நடந்தது. பெரிய ஆக்கள் வந்திருந்தவை. சுவர் முழுக்க ஒரு நீர்வீழ்ச்சிப் படம். எல்லா வழியும் அதுக்குத்தான் போச்சுது. உங்கட லைன் மூண்டாம் தரம். மற்றவைக்குத் தேவையில்லையெண்டாத்தான் உங்களுக்கு வழி."

"மூணாந்தரம்னு யாரு போட்டா?"

"தொடக்கத்திலேயே அப்பிடித்தான். இழப்பை அளக்கிறதெண்டா யாராவது இழக்க வேணும்தானே? குடியிருப்பாளர் சார்பில தர்மா ஒத்துக்கொண்டவர்."

"அவனுக்குத் தெரியுமா?" என்றாள் புனிதா. கேட்டது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"அண்டைக்கு உங்கட பாதையைப் பூட்டுறதுக்கு அவர்தான் பொத்தானை அமத்த வேணும், அக்கா. அமத்தேல்லை."

தர்மா கார் நிறுத்துமிடத்தில் இருந்தான். அக்காவைப் பார்த்ததும் சாவியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தான். அவள் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவனே ஆரம்பித்துவிட்டான்.

"டத்தோ பட்டம் வாங்குன பெரியவங்கெல்லாம் வந்திருந்தாங்கக்கா. நீர்வீழ்ச்சி நின்னுச்சுன்னா என் கெர்ஜா போயிடும். அன்னிக்குத்தான் காண்ட்ராக்ட் வேலைய பெர்மனன் ஆக்குறேன்னு சொல்லியிருந்தாங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும், அப்புறம் பூட்டிக்கலாம்னு பாத்தேன். அவுங்க நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்னாங்க."

"நான் பேச வர்றது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஸ்கிரீன்ல சின்னதா ஒரு புள்ளி. அரிவாள் தோட்டம், புனிதா, வர்றாங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. சிவப்பா ஒரு தடவ மின்னும். அவ்ளோதான்."

"பெர்மனன் குடுத்துட்டாங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கொடுத்துவிட்டார்கள். பாப்பாக்கா வாயைத் திறந்தாள். புனிதா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் இயந்திரங்கள் வந்தன. லயம் ஒரே காலையில் போயிற்று. குடும்பங்களை ஜெலாப்பாங்கில் ஒரு பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு வைத்தார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஆட்கள் புனிதாவைப் பார்த்து ஒதுங்கினார்கள். "அங்க போய் வாயே தொறக்கலியாமே," என்று அவள் காதில் விழும்படி சொன்னார்கள். பதிவை அவர்களும் பார்த்திருந்தார்கள். அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் முடித்துவிட்டார்கள் என்றான் அர்ச்சுனன். பாலாய் ராயாவில் அவள் பின்னாலேயே நின்று கை தட்டியவன் அவன். பாப்பாக்கா மட்டும் அவள் வீட்டுக்கு வந்துபோனாள்.

இந்தச் சமயத்தில் கழகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. ஈப்போவில் ஒரு பெரிய ஹோட்டலில் அனைத்துலக மாநாடு. சிறந்த பயனாளராக அவள் மேடையேறிப் பேச வேண்டும். அவள் செய்த புகார் எதுவும் கழகத்துக்குள் போய்ச் சேராததால், குறை சொல்லாத பயனாளர் என்று அவளைத்தான் முதலில் கண்டுபிடித்திருந்தார்கள். தாய்மொழியிலேயே பேசலாம், அது வெளிநாட்டவருக்குப் பிடிக்கும், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்றார்கள்.

"போகாத," என்றாள் பாப்பாக்கா.

"போறேன்க்கா. அங்க இழை கிடையாது, சந்தி கிடையாது. நான் வாயத் தொறந்தா எதுர்ல இருக்குறவன் காதுல விழும்ல?"

மாநாட்டு மண்டபத்தில் குளிர் நடுக்கியது. வெளிநாட்டு நிபுணர்கள் கழுத்தில் அட்டை தொங்க உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் உள்ளூர்ப் பெரியவர்கள். ஸ்கந்தராஜா ஆங்கிலத்தில் பேசினார். ஒரு குடியிருப்பு முழுவதையும் இணைத்தோம், பதிவான புகார் பூஜ்யம், இப்போது அந்த இடத்தில் ஒரு வீடுகூட இல்லாததால் இழப்பும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்றார். நிபுணர்கள் குறித்துக்கொண்டார்கள்.

புனிதாவை மேடைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் மறுபக்கத்திலிருந்து ஏறி வந்தார். தர்மா. கழுத்தில் டை கட்டியிருந்தான்.

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டாள்.

"நான் சொல்றத அப்படியே சொல்லு தர்மா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு." அவன் தலையசைத்தான். "நான் பேசுனது யாருக்கும் போய்ச் சேரல. வேணும்னே சேர விடல. அதனால எங்க வீடு போச்சு."

தர்மா ஆங்கிலத்தில் சொன்னான். தொழிற்சாலையில் இருபது வருஷம் ஆங்கிலம் கேட்ட காது அவளுக்கு. வீடு என்ற சொல் வந்தது. அதற்குப் பக்கத்தில் புதியது என்ற சொல் வந்தது. கடைசியில் தேங்க் யூ வந்தது. மண்டபம் கை தட்டியது. தமிழ் புரிந்த ஸ்கந்தராஜா எல்லாரையும்விட முன்னதாகத் தட்டினார். கிருஷாந்தி பின்வரிசையில் எழுந்து வெளியே போனாள்.

புனிதா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்வை தரையில் இருந்தது.

"உனக்குச் சோறு போட்ட கையிடா இது," என்றாள் ஒலிபெருக்கியிலேயே. "நான் பேசுறத நீயே மறிச்சுட்டே."

தர்மா ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்தான். இதையாவது சொல்லிவிடுவான் என்று அவள் நினைத்தாள். அவன் ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அக்கா உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், நாங்கள் ஒரே குடும்பம் என்று சொல்கிறார் என்றான். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புனிதா மலாய்க்கு மாறினாள். முன்வரிசைப் பெரியவர்களைப் பார்த்து, அழுத்தந்திருத்தமாக, "தியா தீப்பு. அடேக் சாயா தீப்பு," என்றாள். பொய் சொல்கிறான், என் தம்பி பொய் சொல்கிறான். அவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நடுவில் இருந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்கா தம்பி என்றால் அப்படித்தான், என் வீட்டிலும் இதே கதை என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. யாரோ அவள் கையில் பூங்கொத்தைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள்.

வாசலில் பாப்பாக்கா கிராப் வாடகைக் காரை வரவழைத்து வைத்திருந்தாள். புனிதா பூங்கொத்தை வாசல் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டு ஏறினாள். கதவை மூடும்போது தர்மா ஓடி வந்தான். டை தோளில் கிடந்தது. கண்ணாடியைத் தட்டினான்.

"அக்கா, எறங்குக்கா. ஒரு நிமிசம் பேசுக்கா. அக்கா!"

ஓட்டுநர் ஒரு மலாய்க்காரப் பையன். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அழுகிறாரே, உங்களுக்குத் தெரிந்தவரா, நிறுத்தட்டுமா என்று கேட்டான்.

புனிதா வெளியே பார்க்கவில்லை.

"இல்ல," என்றாள் மலாயில். "ஆபீஸ் ஆளு. நீங்க போங்க."